கழுத்துக்கு மேலே போதும்

பொம்மைக்காரர் சங்கத்தின் இணையதளத்தில் முதல் பக்கம் முழுக்கத் தன் முகம்தான் இருக்க வேண்டும் என்று குமர்சிந்தோ கிமீ தீர்மானித்தபோது, அந்த முகத்தில் பாதி சோப்பு நுரைக்குள் இருந்தது. சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி அவரைப் பார்த்தது. இருவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கிமீ என்பது அவருடைய குடும்பப் பெயர். ஆளைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும். முதலில் வயிறு வாசலுக்குள் நுழையும். எல்லோரையும் நலம் விசாரிக்கும். நாற்காலியில் உட்காரும். அதற்கப்புறம்தான் முதுகு வந்து சேரும். நடுவிலே ஒரு கிமீ.

குவயாகில் நகரத்தில் சான் பிளாஸ் தெரு முழுக்கப் பொம்மைக்காரர்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் அந்தத் தெருவில் மனிதர் நடக்க இடம் கிடையாது, காகித மனிதர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். பழைய செய்தித்தாள், பசை, மரத்தூள், சாயம், கேட்டால் உள்ளே கொஞ்சம் வெடி, அவ்வளவுதான் சரக்கு. அந்த வருஷம் யார் யார்மேல் ஊருக்குக் கடுப்போ அவர்களெல்லாம் பொம்மை ஆவார்கள். வாங்கிக்கொண்டு போய், வருஷத்தின் கடைசி நாளில் வீட்டு வாசலில் வைத்துக் கொளுத்துவார்கள். பழைய வருஷம் எரிந்தது, பீடை விட்டது என்று ஒருவரையொருவர் கட்டிக்கொள்வார்கள்.

எரிகிறவருக்கு அழ ஒரு விதவை வேண்டாமா? அதற்கும் ஏற்பாடு உண்டு. அன்று மத்தியானத்திலிருந்தே ஆண்பிள்ளைகள் கறுப்பு கவுனும் பொய்க்கூந்தலும் மாட்டிக்கொண்டு தெருவுக்குக் குறுக்கே கயிறு பிடிப்பார்கள். வருகிற வண்டியையெல்லாம் மறித்து, "ஐயோ, எம் புருஷன் போறாரே!" என்று மாரில் அடித்துக்கொண்டு சில்லறை கேட்பார்கள். சங்கத்தில் மீசை வைத்தவர்களில் விதவை ஆகாதவர் ஒருவர்கூட இல்லை. குமர்சிந்தோவைத் தவிர. தலைவன் பாவாடை கட்டமாட்டான் என்பது அவர் கொள்கை. அவரிடம் இருந்த ஒரே கொள்கையும் அதுதான்.

தொழிலில் அவருக்குப் பங்கு உடம்பு. காகிதத்தைத் திணித்துத் தொப்பையும் தோளும் உண்டாக்குவார். முகம் எழுதுவது அவர் மனைவி நர்சிசா. தெருவில் இருக்கிற முகம் எழுதும் பெண்களிலேயே அவள்தான் கைகாரி. புருவத்தில் ஒரு கோடு இழுத்தால் கந்துவட்டிக்காரன், அதையே சற்றுத் தாழ்த்தினால் மாமனார். வாங்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். பாராட்டு மட்டும் எப்படியோ வழி தவறி உடம்புக்காரரிடம் வந்து சேரும்.

முகத்தில் பாதி நுரையோடு அவர் அடுப்பங்கரைக்கு வந்தார். நர்சிசா வாழைக்காயை வதக்கி, பன்றி வறுவல் சேர்த்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நர்சிசா, முடிவு பண்ணிட்டேன்."

"பாதிச் சவரத்தோட நிறுத்திடலாம்னா?"

"அது இல்லடி. நம்ம சங்கத்து வெப்சைட். அதுக்கு முகப்புன்னு ஒண்ணு வேணுமில்ல? முகப்புன்னா என்ன? முகம். யார் முகம்? தலைவர் முகம்."

"அப்ப நாங்க எழுதற முகமெல்லாம்?"

"அதுக்கெல்லாம் உள்பக்கம் இருக்கு."

நர்சிசா உருண்டையை அழுத்திப் பிடித்தாள். "ஒண்ணு கேட்கட்டுமாங்க? முகம் எழுதற பொம்பளைங்க பேரையெல்லாம் முதல் பக்கத்துல ஒரு ஓரமா போடுங்களேன். இத்தனை வருஷமா எங்க பேரு ஒரு இடத்துலயும் வந்ததில்ல."

"ஓரமா போட்டா பக்கம் சாஞ்சிடும்."

"பேருக்கு அவ்வளவு கனமா?"

"அலங்காரம்னா சமநிலைன்னு ஒண்ணு இருக்கு. உனக்குப் புரியாது."

"ஏன் புரியாது? உங்க வயிறு மாதிரி முன்பக்கம் மட்டும் கனமா இருக்கணும். அதானே?"

குமர்சிந்தோவுக்குக் கோபம் வந்தது. நுரை பறந்து ஒரு பொட்டு உருண்டைமேல் விழுந்தது. "இதோ பார். இந்த முகத்தைப் போட்டா ஊரே வேணும் வேணும்னு கேட்கும். கேட்கலேன்னா முப்பத்தொண்ணாம் தேதி நான் கறுப்பு கவுன் மாட்டிக்கிட்டுத் தெருவுல நிக்கறேன். பந்தயமா?"

"கேட்டுட்டா?"

"கேட்டுட்டா, பொம்பளைங்க பேரு, ஓரம், மூலைன்னு நீ இனிமே வாயே திறக்கக்கூடாது."

நர்சிசா கணவனின் முகத்தைப் பார்த்தாள். முகம் எழுதுகிறவள் பார்க்கிற பார்வை அது. நெற்றி அகலம், தாடை எடுப்பு, மூக்கின் சரிவு எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"சரிங்க," என்றாள். "பந்தயம்."

இவ்வளவு சுருக்கமாக அவள் சரி சொல்லி அந்த வீட்டுச் சுவர்கள்கூடக் கேட்டதில்லை. குமர்சிந்தோ அதைக் கவனித்திருக்கலாம். நுரை காதுக்குள் போயிருந்தது.

இணையதளம் செய்ய ஒப்புக்கொண்டவள் யதீரா. நர்சிசாவின் அண்ணன் மகள். தெருமுனையில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். ஏற்கெனவே ஒரு பல் வைத்தியருக்குத் தளம் செய்து கொடுத்திருந்தாள். அதில் அவருடைய நோயாளிகள் எல்லோரிடமும் இருப்பதைவிட அதிகமான பற்கள் தெரியும். சனிக்கிழமை காலை சங்கக் கொட்டகைச் சுவரில் நாலைந்து மாதிரிப் படங்களை ஒட்டிவைத்து, "முதல்ல நிறம் சொல்லுங்க," என்றாள்.

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அந்த ஊரில் இரண்டு கால்பந்து அணிகள். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். குடும்பத்தில் யார் செத்தாலும் சேர்ந்து அழுவார்கள், ஆட்டம் நடக்கிற அன்று சேர்ந்து சாப்பிடமாட்டார்கள்.

"மஞ்சள்," என்றார் சங்கச் செயலாளர் வாஷிங்டன். அவருடைய சட்டை, செருப்பு, பல், மூன்றுமே மஞ்சள்.

"மஞ்சள் போட்டா அந்தப் பக்கத்தை நான் திறக்கவே மாட்டேன்," என்றார் பொருளாளர் தியோஃபிலோ. "காமாலை வந்துடும். நீலம் போடு."

"நீலம் துக்க நிறம்யா."

"உங்க டீம் ஆடறதைப் பார்க்கறது அதைவிடத் துக்கம்."

நாற்காலிகள் நகர்ந்தன. யதீரா மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் குமர்சிந்தோ எழுந்தார். தலைவன் என்பவன் எதற்கு இருக்கிறான்?

"சகோதரர்களே! மஞ்சளையும் நீலத்தையும் கலந்தா என்ன வரும்?"

"சண்டை," என்றாள் நர்சிசா.

"பச்சை! பின்னணி பூரா பச்சை போடு யதீரா. ரெண்டு கட்சியும் அதுக்குள்ள இருக்கு."

கொட்டகை கை தட்டியது. யதீரா அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பச்சைக்கு எதிரே வைத்த முகம் என்ன ஆகும் என்று முகம் எழுதுகிற யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். நேற்றுச் சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளாத மாதிரி ஆகும். ரத்தம் வடிந்து, கன்னம் தொங்கி, செய்த தப்பெல்லாம் தோலில் தெரியும். நர்சிசாவுக்கு அது தெரியாதா?

"பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்கும்ங்க," என்றாள் நர்சிசா.

"பார்த்தியா யதீரா, உங்க அத்தையே சொல்லிட்டா!"

அடுத்து, படம். குமர்சிந்தோ மார்பில் குறுக்காகத் தலைவர் பட்டை அணிந்து, இடுப்பில் கை வைத்து, ஆள் உயரத்துக்கு நிற்கிற படமொன்றைக் கொண்டுவந்திருந்தார்.

"முழு உருவமும் வரணும். பட்டை தெரியணும்."

"எதுக்குங்க?" என்றாள் நர்சிசா. "காசுல பாருங்க, தபால் தலையில பாருங்க. பெரிய மனுஷங்களுக்கெல்லாம் கழுத்துக்கு மேலே போதும்."

குமர்சிந்தோ சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பார்த்தார். உண்மைதான். அதிலிருந்தவருக்கும் உடம்பு இல்லை. "கழுத்துக்கு மேலேயே வெட்டு," என்றார். "நல்லா பெருசா."

"இன்னும் பெருசா," என்றாள் நர்சிசா.

"போதும் அத்தை, பக்கத்துல இடமில்ல."

"மத்ததையெல்லாம் எடுத்துடு."

"அப்ப நம்ம பொம்மைங்க படம்? பொம்மை விக்கற தளம் அத்தை இது!"

"அதெல்லாம் ரெண்டாம் பக்கம்!" என்று மேஜையைத் தட்டினார் குமர்சிந்தோ. "முதல் பக்கத்துல என்னைத் தவிர வேற பொம்மை கூடாது!"

வாஷிங்டன் மட்டும் எதையோ யோசிக்கிற மாதிரி தலையைச் சொறிந்தார். பிறகு சொறிவதை நிறுத்திவிட்டார்.

"எழுத்து எப்படி மாமா வேணும்? உருண்டையாவா, சாய்வாவா?"

"கல்லுல வெட்டின மாதிரி. பெரிய மனுஷங்க பேரெல்லாம் அப்படித்தானே எழுதியிருப்பாங்க?"

"எங்க மாமா?"

"கல்லறைத் தோட்டத்துல."

யதீராவுக்கு இருமல் வந்தது. மேஜைக்கு அடியில் அத்தையின் கால் அவள் காலை மிதித்தது. இருமல் நின்றது.

"முகத்துக்குக் கீழே ஒரு வரி," என்று கண்ணை மூடிக்கொண்டார் குமர்சிந்தோ. போன சங்கத் தேர்தலில் பேசிக் கை தட்டல் வாங்கிய வாக்கியம் அது. நாக்கு நுனியில் பத்திரமாக வைத்திருந்தார். "எழுதிக்கோ. 'உங்களுக்காகத் தன்னையே எரித்துக்கொள்பவர். அழைத்தால் உங்கள் வீட்டு வாசலுக்கே வருவார்.'"

வாஷிங்டன் மறுபடியும் தலையைச் சொறிந்தார்.

"ஒரு எழுத்தைக்கூட மாத்தாதேடி," என்றாள் நர்சிசா. குரல் தழுதழுத்தது. புருஷனின் பெருமையை நினைத்து என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள்.

"கடைசியா ஒண்ணுங்க," என்று அவளே தொடர்ந்தாள். "அந்த வரிக்குக் கீழே ஒரு பட்டன் வைக்கலாம். 'வேண்டும்' அப்படின்னு."

"எதுக்கு?"

"ஊரே வேணும்னு கேட்கும்னு சொன்னீங்களே. எத்தனை பேர் கேட்கறாங்கன்னு நாம எண்ண வேணாமா? பந்தயம் இருக்கில்ல?"

குமர்சிந்தோவின் கண் கலங்கிவிட்டது. தோற்கப்போகிறவள் தோல்வியை எண்ணிப் பார்க்கத் தானே பட்டன் வைக்கிறாளே! "உனக்குப் பெரிய மனசு நர்சிசா," என்றார்.

தளம் திங்கட்கிழமை திறந்தது. மத்தியானத்துக்குள் முப்பது பேர் 'வேண்டும்' என்று அழுத்தியிருந்தார்கள். மறுநாள் எண்பது. குமர்சிந்தோ கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். சூப்புக் கடையில் காட்டினார். சவரக் கடையில் காட்டினார். திருப்பலி முடிந்து வந்த பாதிரியாரை வழிமறித்துக் காட்டினார்.

"எத்தனை பேருக்கு நான் வேணும், பார்த்தியா?" என்று வீட்டில் கேட்டார்.

"எனக்குத்தான் இத்தனை நாளா தெரியாமப் போச்சு."

அழுத்தியவர்கள் சும்மா அழுத்திவிட்டுப் போகவில்லை, இரண்டு வரி எழுதியும் போனார்கள். யதீரா தினம் சாயங்காலம் வந்து படித்துக் காட்டுவாள்.

"'எங்க தெருவுக்கு ரெண்டு வேணும்'னு ஒருத்தர் எழுதியிருக்கார் மாமா."

"கேட்டியா நர்சிசா? ஒரு குமர்சிந்தோ பத்தலையாம்!"

"'ஒரு மீட்டரா, ரெண்டு மீட்டரா?'ன்னு ஒரு அம்மா."

"உயரத்தைக் கேட்கறா. வெட்கம் கெட்டவ. ரெண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல்னு போடு."

"'உள்ளே வெடி இருக்குமா?'"

"என் பேச்சைப் பத்திக் கேட்கறாங்க. வாயைத் திறந்தா சரவெடின்னு பதில் போடு!"

யதீரா போட்டாள். அன்று மட்டும் 'வேண்டும்' இரட்டிப்பானது.

வாரக் கடைசியில் குமர்சிந்தோ அடுத்த மாநகராட்சித் தேர்தலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆணியில் மாட்டியிருந்த நல்ல கோட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, வாஷிங்டனும் தியோஃபிலோவும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். மஞ்சளும் நீலமும் கைகோத்து வருவதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

"தலைவரே, முன்னூறு!"

"ரசிகர்களா?"

"ஆர்டர்!"

"எதுக்கு?"

"உங்களுக்கு!"

குமர்சிந்தோ கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நின்றார். "எனக்கு என்ன ஆர்டர்?"

தியோஃபிலோ நிதானமாக விளக்கினார். பொம்மைக்காரர் சங்கத்தின் தளம். திறந்தால் பச்சையில் ஒரு தலை. கழுத்துக்கு மேலே வெட்டின தலை, கொட்டகையில் கம்பியில் தொங்கவிடுகிற மாதிரி. கீழே கல்லறை எழுத்தில், தன்னையே எரித்துக்கொள்வார், வாசலுக்கே வருவார் என்று வாசகம். அதற்குக் கீழே 'வேண்டும்'. இதைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

"யாருன்னு நெனச்சு வாங்கறாங்க?" என்று ஈனக்குரலில் கேட்டார் குமர்சிந்தோ.

"அதான் விசேஷம் தலைவரே!" வாஷிங்டன் உட்காராமலே குதித்தார். "குடிதண்ணி வராத தெருவுல எல்லாம் உங்களைத் தண்ணி அதிகாரின்னு நெனச்சுட்டாங்க. ஒரு ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து வாங்கறாங்க, அவங்க மேனேஜர் ஜாடையாம். ஒரு அம்மா, பழைய புருஷனை உரிச்சு வெச்ச மாதிரி இருக்குன்னு மூணு கேட்டிருக்கா. ஊர்ல யார் யாரைப் பிடிக்கலையோ எல்லாரும் உங்க மூஞ்சியில இருக்காங்க!"

"நிறுத்துங்கடா! படத்தை எடுங்க! ஆர்டரைத் திருப்பிக் கொடுங்க!"

"முன்பணம் வாங்கியாச்சு தலைவரே," என்றார் தியோஃபிலோ. "காகிதமும் சாயமும் வாங்கி அதுவும் செலவாயாச்சு. போன வருஷம் பாதிப் பொம்மை விக்காம மழையில ஊறிச்சே, ஞாபகம் இருக்கா? இந்த வருஷம் தெருவுல ஒரு அடுப்பு அணையாது. எல்லாம் உங்க புண்ணியம்."

நர்சிசா உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கணவனின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"ஜெயிச்சிட்டீங்க," என்றாள். "பந்தயம் உங்களுதுதான். பேரு, ஓரம், மூலைன்னு நான் இனிமே வாயே திறக்கமாட்டேன்."

அந்த வீட்டில் நடந்த பந்தயங்களில் குமர்சிந்தோ ஜெயித்தது அது ஒன்றுதான். ஜெயித்தவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

முன்னூறு முகமும் ஒன்றுபோல இருக்க வேண்டுமென்றால் அச்சு வேண்டும். அச்சு வேண்டுமென்றால் அசல் வேண்டும். மறுநாள் காலை சங்கக் கொட்டகையில் ஒரு பெஞ்சின்மேல் அசலை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். நர்சிசா எண்ணெய் தடவி, மூக்குத் துவாரத்தில் இரண்டு குழல் செருகி, சுண்ணாம்புச் சாந்தை அப்பினாள். முகம் எழுதும் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"வாயை அசைக்காதீங்க. அசைச்சா விரிசல் விட்டுடும். மறுபடியும் முதல்லேர்ந்து அப்பணும். புரிஞ்சுதா?"

"ம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாய் தொடர்ந்தாற்போல அரை மணி நேரம் மூடியிருந்தது அன்றுதான். அப்படியொரு பொழுதை வீணாக்க நர்சிசா என்ன அசடா?

"வாஷிங்டன் அண்ணே, இங்க வாங்க. நான் ஒரு விஷயம் பேசக்கூடாது. பந்தயம் பந்தயம்தான். ஆனா நீங்க பேசலாம்."

வாஷிங்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தலைவரே, ஜனவரியிலேர்ந்து வெப்சைட் முதல் பக்கத்துல முகம் எழுதறவங்க பேரைப் போடணும்னு சங்கத்துல ஒரு பேச்சு. உங்களுக்குச் சம்மதமா?"

"ம்ம்ம்ம்ம்!"

"அவ்வளவு சம்மதமா!" என்றார் தியோஃபிலோ.

"ம்ம்! ம்ம்ம்! ம்ம்ம்ம்!"

"ஒரு தடவை சொன்னா போதும் தலைவரே, ஏன் சிரமப்படறீங்க?"

"இன்னொண்ணு," என்றார் வாஷிங்டன். "இனிமே முகப்புல என்ன படம் வரணும்னு நர்சிசா அம்மாவே முடிவு பண்ணட்டுமா? வேணாம்னா இப்பவே வாயைத் திறந்து சொல்லிடுங்க."

குமர்சிந்தோ இரண்டு காலையும் உதைத்தார். பெஞ்சு ஆடியது.

"குதூகலத்தைப் பாரு," என்றாள் ஒரு பெண். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அதன்பிறகு அவர் முன்னூறு முறை தன் வயிற்றைத் தானே செய்தார். ஒவ்வொன்றிலும் காகிதத்தைத் திணிக்கும்போது நர்சிசா பின்னாலிருந்து, "இன்னும் கொஞ்சம்," என்பாள். "வாங்கறவங்களை ஏமாத்தக்கூடாதுங்க."

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம். மீனும் வெங்காயமும் போட்ட சூப்பு ஒரு கிண்ணம் குடித்தால் மனசு ஆறும் என்று குமர்சிந்தோ தெருவில் இறங்கினார். மருந்துக்கடை வாசலில் அவரே உட்கார்ந்திருந்தார். பஸ்ஸின் கூரைமேல் அவரே மல்லாந்து போனார். சவரக் கடையில் ஒரு குமர்சிந்தோவுக்குத் துண்டு போர்த்தி வைத்திருந்தார்கள். எல்லா முகத்திலும் நர்சிசா லேசாகப் பச்சை பூசியிருந்தாள், தளத்தில் பார்த்த மாதிரியே இருக்க வேண்டாமா?

சூப்புக் கடைக்கு நாலு வாசல் முன்னால் ஒரு குடும்பம் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க! நம்ம ஆர்டர் வந்துடுச்சு! வாசலுக்கே வரும்னு போட்டிருந்தான், அதே மாதிரி வந்திருக்கு!"

"ரெண்டு மீட்டர் கேட்டோமே, இது குட்டையா இருக்கே," என்றார் அவள் புருஷன்.

"அகலத்துல குடுத்திருக்காங்க. காலைப் பிடிங்க, ஏத்தலாம்."

"நான் மனுஷன்!" என்று கத்தினார் குமர்சிந்தோ.

"பேசவும் பேசுது!"

"வெடி எங்க வெச்சிருக்காங்கன்னு பாரு," என்று புருஷன்காரர் ஒரு விரலால் வயிற்றைக் குத்தினார்.

குமர்சிந்தோ ஓடினார். வயிறு முதலில் ஓடியது, மற்றவையெல்லாம் பின்னால் ஓடின. "நம்ம பொம்மை ஓடுது, பிடிங்க!" என்று குடும்பம் துரத்தியது. அதைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் தன்னுடையது ஓடுகிறது என்று நினைத்துச் சேர்ந்துகொண்டார். தண்ணி வராத தெருக்காரர்கள் காரணமே கேட்காமல் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் கையில் தீப்பெட்டி இருந்தது. சான் பிளாஸ் தெருவில் குமர்சிந்தோவுக்குப் பின்னால் அவ்வளவு கூட்டம் எந்தத் தேர்தலிலும் வந்ததில்லை.

வீட்டுக்குள் விழுந்து கதவைத் தாழிட்டார். "நர்சிசா! என்னைக் கொளுத்த வராங்க!"

"உங்களுக்காகத் தன்னையே எரித்துக்கொள்பவர்னு நீங்கதானே எழுதச் சொன்னீங்க?"

"விளையாடாதேடி! பின்வாசல் வழியா நான் எங்கயாவது போயிடறேன்."

"எங்க போவீங்க? ஊர்ல எல்லா வாசல்லயும் உங்க மூஞ்சி. முகத்தைக் காட்டினா தூக்கிடுவாங்க." நர்சிசா மரப்பெட்டியைத் திறந்தாள். "முகத்தை மறைச்சுக்கிட்டுப் போகணும்னா இன்னிக்கு ஒரே உடுப்புதான் இருக்கு."

கறுப்பு கவுன். கறுப்பு முக்காடு. கறுப்புக் கையுறை.

கதவு இடிபட்டது. "அம்மா! பெரிய சைஸ் பொம்மை ஒண்ணு இந்தப் பக்கம் ஓடி வந்துச்சா?"

குமர்சிந்தோ கொள்கையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தாழ்ப்பாளில் ஒரு ஆணி கழன்று விழுந்தது. கொள்கை அதற்குப் பின்னால் விழுந்தது.

கவுன் தலைவழியாக இறங்கி, தோளில் உட்கார்ந்து, வயிற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. குமர்சிந்தோ தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இந்த ஊரில் எந்தத் துணியும் அவருக்கு அப்படிப் பொருந்தியது கிடையாது.

"நர்சிசா... இது எப்படி என் அளவுக்கே இருக்கு?"

"தெச்சேன்."

"எப்போ?"

"நீங்க பாதிச் சவரத்தோட வந்து முகப்புன்னா முகம்னு சொன்னீங்களே, அன்னிக்கு. மீதிச் சவரம் முடிக்கறதுக்குள்ள துணியை வெட்டிட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டாள். கதவைத் திறந்து, "வாங்க வாங்க, பொம்மை இல்ல, பாவம் அதோட சம்சாரம்தான் இருக்கா," என்று கூட்டத்துக்கு நடுவே அவரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

தெருக்கோடியில் வாஷிங்டன் மஞ்சள் பொய்க்கூந்தலும் தியோஃபிலோ நீலப் பொய்க்கூந்தலுமாகக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிற்க ஒரு மூத்த விதவைக்கு இடம் காலியாக இருந்தது. எதிரே ஒரு வண்டி வந்து நின்றது. அதன் கூரைமேல், பச்சை முகமும் பெரிய தொப்பையுமாக, அவரே. இன்னும் சில மணி நேரத்தில் சாம்பல்.

குமர்சிந்தோ மேலே பார்த்தார். என்ன முகம்! எத்தனை அகலமான நெற்றி! அடிவயிற்றிலிருந்து ஒரு கதறல் கிளம்பியது.

"ஐயோ, என் குமர்சிந்தோ! தங்கமான மனுஷனாச்சே! உன்னைப் போல ஒரு தலைவன் இனி வருவானா!"

மாரில் அடித்துக்கொண்டார். வண்டியின் முன்பக்கத்தில் விழுந்து புரண்டார். ஓட்டுநர் இறங்கி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கை நிறையச் சில்லறையைக் கொட்டினார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் தாமாகவே நின்றன. தீப்பெட்டிக்காரர்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார். மற்றத் தெரு விதவைகள் தங்கள் கயிற்றைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். இப்படியொரு ஒப்பாரியை அந்த ஊர் எந்த டிசம்பரிலும் கேட்டதில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு யதீரா கைபேசியோடு முன்னால் வந்தாள். நர்சிசா அருகில் போய் முக்காட்டை மெதுவாக மேலே தூக்கிவிட்டாள். கண்ணீரும் கம்பலையுமாகக் குமர்சிந்தோவின் முகம் வெயிலில் பளபளத்தது.

"புது முகப்புக்கு இதுதானே அத்தை? பெரிய மனுஷங்களுக்குக் கழுத்துக்கு மேலே போதும், இல்ல?"

நர்சிசா இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்று, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இல்லடி. முழு உருவமும் எடு. மாமா ரொம்ப நாளா ஆசைப்பட்டார்."